அடுப்பு பற்றாத ஆடி வெள்ளி

முத்துச்செல்வி சமைத்ததைச் சூடாகச் சாப்பிட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவள் கைப்பக்குவத்தின் பெருமையே சாப்பாடு ஆறிய பிறகுதான் தெரியும். அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் பாக்கிங் வேலை பார்க்கிறாள். அங்கே நெருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. டீகூட வெளியிலிருந்து கேனில்தான் வரும். காலையில் கட்டிப் போன சோற்றை மத்தியானம் வாகை மரத்து நிழலில் பிரித்தால் எல்லார் டப்பாவிலும் எல்லாமே சில்லிட்டுக் கிடக்கும். சூடு பண்ணிக்கொள்ள வழி கிடையாது. ஆறிப்போனாலும் ருசி குறையாத பண்டம் எது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருப்பவள் அவள்.

காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிப்பதற்குள் ஒரு குடும்பத்துக்கே சமைத்து முடிக்க வேண்டும். புருஷன் அன்பரசனுக்குச் சிவகாசியில் பேப்பர் குடோனில் வேலை. கொழுந்தன் முனியராஜ் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. யாருக்கும் யாருக்காகவும் காத்திருக்க நேரமில்லாத வீடு அது. அதனால் ஞாயிற்றுக்கிழமையே ரவையையும் சேமியாவையும் வறுத்து டப்பாவில் அடைத்துவிடுவாள். ராத்திரி மிஞ்சிய இட்லியை உதிர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுநாள் காலை டப்பா தயார். மிஞ்சிய சப்பாத்தி என்றால் நீளநீளமாக நறுக்கி முட்டைக்கோசோடு ஒரு புரட்டு. சாயங்காலம் பிள்ளைகள் பசி என்று வந்து நின்றால் ஊறிய அவலில் வெல்லமும் தேங்காய்ப் பூவும். இதற்கெல்லாம் மேலே பொரிகடலை. சட்னிக்கு அது, குழம்பு நீர்த்துப்போனால் கெட்டிப்படுத்த அது, உருண்டைக்கு அது. பொரிகடலை மட்டும் இல்லையென்றால் அவள் பாதி சமையலைக் கைவிட வேண்டியதுதான்.

மரத்தடியில் அவள் டப்பாவைத் திறக்கும்போது சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களின் கைகள் தானாக நீளும். "ஏத்தா, இன்னைக்கு என்ன கொண்டாந்த?" என்று கேட்டுக்கொண்டே எடுப்பார்கள், பதில் சொல்வதற்குள் டப்பா பாதியாகியிருக்கும். அவளுக்கும் அதில் ஒரு சந்தோஷம். கடைசியில் தனக்கு மிஞ்சுவது அடுத்தவர்களின் டப்பாவில் இருக்கும் தயிர்ச் சோறுதான் என்பது வேறு விஷயம்.

இவ்வளவு கைப்பக்குவம் இருந்தும் அவளால் ஒரு கூட்டத்தை மட்டும் சாப்பிட வைக்க முடியவில்லை. முனியராஜுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள்தான் அந்தக் கூட்டம்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிற பெண் வீட்டார் தண்ணீர் மட்டும்தான் குடிப்பார்கள். வீடும் மனிதர்களும் மனசுக்குப் பிடித்து, சம்மதம் என்றால்தான் அங்கே கை நனைப்பார்கள். ஒரு வாய் தின்றுவிட்டால் போதும், அப்புறம் பேச்சை மாற்ற முடியாது. முனியராஜுக்கு இதுவரை இரண்டு வீட்டார் வந்தார்கள். இரண்டு தடவையும் முத்துச்செல்வி வடையும் கேசரியுமாகச் சமையலறையை நிரப்பி வைத்தாள். வந்தவர்கள் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள், ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். பட்டாசு லோடு ஏற்றுகிறவனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று பிற்பாடு யாரோ சொல்லிக் காதில் விழுந்தது. இரண்டாம் தடவை அந்தக் கேசரியைத் தெருப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு முனியராஜ் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கால்சட்டை போட்டுத் திரிந்தவன் அவன். அவள் கைச் சோறு தின்று வளர்ந்தவன். மூன்றாவதாக ஒரு வீட்டார் தண்ணீரோடு போனால் இனி யாரையும் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டான். சொன்னால் செய்கிறவன்.

அந்த மூன்றாவது வீட்டார்தான் ஆலங்குளத்து நாகையா குடும்பம். நாகையா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தாயில்லாத மகள் ரோஜா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் பண்ணுகிறாள். நாகையாவைச் சமாளித்துவிடலாம், அவருடைய அக்கா சண்முகத்தாயைத்தான் சமாளிக்க முடியாது என்று தரகர் முன்னாடியே எச்சரித்துவிட்டார். ரோஜாவை வளர்த்தது அந்த அத்தைதான். அந்த அம்மாள் வாய் திறந்து தின்னாத வீடு தள்ளுபடி.

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்து சாயங்காலம் வருவதாகப் பேச்சு. கம்பெனியும் திருவிழாவுக்காக மத்தியானத்தோடு வேலையை முடித்துவிட்டது. வேனில் வரும்போதே முத்துச்செல்வி மனசுக்குள் வாணலியை ஏற்றிவிட்டாள். முதலில் கேசரி, அடுத்து உளுந்தவடை, அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி. இந்தத் தடவை பஜ்ஜி வாசனையிலேயே அந்த அத்தையை விழுத்தாட்டிவிடுவது என்று முடிவு.

வீட்டுக்கு வந்து, மேலெல்லாம் ஒட்டியிருந்த வெடிமருந்தின் வெள்ளித்தூள் போகத் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு சமையலறைக்குள் போனாள். அப்போது போன் அடித்தது.

"ஏம்மா முத்துச்செல்வி, நாகையா பேசுதேன். சாமி கும்பிட்டாச்சு. கூட்டம் தாங்கல, நிக்க நிழல் இல்ல. எங்கக்கா நேரா உங்க வீட்டுக்கே போயிருவோம்ங்கா. இந்தா வேன்ல ஏறிட்டோம். சிரமம் ஒண்ணும் இல்லையே?"

"என்ன சிரமம் சித்தப்பா, வாங்க வாங்க! உங்க வீடு மாதிரி வாங்க!" என்றாள் முத்துச்செல்வி. போனை வைத்த கையோடு ரவை டப்பாவை இறக்கினாள், வாணலியை வைத்தாள், கேஸைத் திருகினாள், லைட்டரை அழுத்தினாள்.

டிக். டிக். டிக். சத்தம் வந்ததே ஒழியப் பொறி வரவில்லை. இரண்டு மூன்று நாளாகவே அது அப்படித்தான் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. வத்திப்பெட்டியை எடுத்துக் குலுக்கினாள். காலி. கடைசிக் குச்சியைக் காலையில் சாமி விளக்குக்குக் கிழித்தது ஞாபகம் வந்தது. விளக்கிலிருந்து பற்றவைக்கலாம் என்று ஓடினாள். ஆடிக் காற்று அவளை முந்திக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தது.

"முனியா! ஏலே முனியா!"

பின்பக்கம் முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்த முனியராஜ் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தான்.

"என்ன மதினி, என்ன ஆச்சு?"

"பொண்ணு வீட்டுக்காரக வந்துக்கிட்டு இருக்காக! இப்பவே! ஒரு வத்திப்பெட்டி இருந்தா குடுலே!"

"எங்கிட்ட ஏது மதினி? லோடு ஏத்தப் போறவன் மடியில வத்திப்பெட்டி வச்சிருந்தா உள்ள விடுவாகளா?" என்றான் அவன். அதற்குள் அவனுக்கும் விஷயம் உறைத்து முகம் வெளுத்துவிட்டது. நுரை வேறு இருந்ததால் முழு முகமும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

அவன் தெருவில் ஓடினான். இடதுபக்கம் பூட்டு, வலதுபக்கம் பூட்டு, எதிர் வீடும் பூட்டு. தெருவே இருக்கன்குடியில் நிற்கிறது. இவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரோடு அங்கேதான் போயிருந்தன. கடைக்காரரும் ஷட்டரை இழுத்துவிட்டு மாரியம்மனைப் பார்க்கப் போய்விட்டார். ஊரில் மிஞ்சியிருந்த ஒரே ஜீவனான ஒரு கருப்பு நாய் முனியராஜின் பாதிச் சவர முகத்தைப் பார்த்துக் குரைத்துத் துரத்தியது.

அந்த நேரத்தில் அன்பரசனின் பைக் வந்து நின்றது. கையில் மல்லிகைப்பூப் பொட்டலமும் வெற்றிலைபாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன.

"காலையில வத்திப்பெட்டி வாங்கியாரச் சொன்னேன்ல? எங்க?" என்று வாசலிலேயே மறித்தாள் முத்துச்செல்வி.

அன்பரசன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "வாங்குனேன்த்தா! காலையிலயே வாங்கிட்டேன். குடோன் கேட்டுல தடவிப் பாத்து எடுத்து வச்சுக்கிட்டாக. வரும்போது வாங்கிக்கன்னாக. நான் பூ வாங்குற நெனப்புல அப்படியே வந்துட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். நாடு முழுக்க அடுப்புப் பற்றவைக்க வத்திக்குச்சி அனுப்புகிற வட்டாரம் இது. நாடு முழுக்கத் தீபாவளிக்குப் பொறி பறக்கவிடுகிற வட்டாரம். அந்த வட்டாரத்தில், கம்பெனிக்குப் போகிற மூன்று பேர் இருக்கிற வீட்டில், ஒரு வாணலிக்குத் தீ இல்லை. வருஷக்கணக்காகக் கேட்டில் தடவிப் பார்த்துப் பார்த்து, வத்திப்பெட்டியை மடியில் வைக்கிற பழக்கமே மூன்று பேருக்கும் விட்டுப்போயிருந்தது. ஒருவர் வைத்திருப்பார் என்று மற்றவர் நினைக்க, மூன்று பேரும் வெறும் கையோடு நின்றார்கள்.

"நான் பைக்க எடுத்துட்டு சாத்தூருக்கே போய் வாங்கியாரேன்" என்று திரும்பினான் அன்பரசன்.

"போயி, கோயில் வண்டிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நில்லுங்க. வாரவகள யாரு வாங்கன்னு கூப்புடுறது? நீங்க சட்டைய மாத்துங்க. முனியா, நீ மிச்சத்தையும் செரைலே, பாதி மொகத்தோட நிக்காத!"

முத்துச்செல்வி சமையலறைக்குத் திரும்பினாள். மூன்றாவது கூட்டமும் தண்ணீரோடு போகப்போகிறது. இந்தத் தடவை தட்டில் வைக்கக்கூட ஒன்றுமில்லை. அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சரிதான்; அவள் கை டப்பாக்கள் மேலே சும்மா அலைந்துகொண்டிருந்தது. ரவை வேண்டாம், வேக வேண்டும். உளுந்து வேண்டாம், பொரிக்க வேண்டும். அடுத்த டப்பாவைத் திறந்தாள். பொரிகடலை.

அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பயம் விட்ட சிரிப்பு. கம்பெனியில் இத்தனை வருஷம் நெருப்பா வைத்து வேலை பார்த்தாள்? அங்கே காயவைப்பதெல்லாம் வெயில்தானே? அந்த வெயில் இப்போது மாடியில் கொதித்துக்கொண்டிருக்கிறது, காசில்லாமல்.

"முனியா! மொகத்தக் கழுவிட்டு இந்த நெய்க் கிண்ணத்தத் தூக்கி மாடித் தரையில வையி! நிழல் படாத இடமாப் பாத்து வையி!"

அப்புறம் அந்தச் சமையலறையில் நடந்ததை நின்று பார்த்திருக்க வேண்டும். மிக்ஸி ஓடியது. பொரிகடலை மாவாயிற்று, நாட்டுச்சர்க்கரை மாவாயிற்று, ஏலக்காய் இரண்டோடும் சேர்ந்துகொண்டது. முனியராஜ் மாடிப் படியில் இறங்கி வருவதற்குள் நெய் கிண்ணத்தில் தண்ணீர்போல உருகியிருந்தது. மாவில் ஊற்றிப் பிசறி, கை நிறைய அள்ளி, ஒரு அழுத்து, ஒரு உருட்டு. உள்ளங்கையில் மினுமினுவென்று உருண்டை உட்கார்ந்தது. ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்த மாதிரி; பட்டாசைப் பெட்டியில் அடுக்குகிற கைக்கு அளவு தப்புமா?

சிவப்பு அவலைக் கழுவி இரண்டாகப் பிரித்து வைத்தாள். ஒரு பங்குக்கு அன்பரசன் உடைத்துக் கொடுத்த தேங்காயை அரைத்துக் கெட்டிப்பால் பிழிந்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, வாழைப்பழத்தை வட்டம் வட்டமாக அரிந்து சேர்த்தாள். இன்னொரு பங்குக்குத் தயிர், துருவிய வெள்ளரிக்காய், பொடிப்பொடியாக மாங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை. சேவுக்குப் பேர்போன சாத்தூர்ப் பக்கத்து வீட்டில் காராச்சேவு இல்லாமலா போகும்? பரிமாறும்போது மேலே தூவ அது ஒரு பொட்டலம். தேங்காய்ச் சில்லு அன்பரசனின் புதுச் சட்டையில் தெறித்ததையும், முனியராஜ் மாங்காயைத் திருடித் தின்றதையும் திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. வேர்த்து ஊற்றியது. ஆனால் பயம் போன இடம் தெரியவில்லை. உள்ளுக்குள்ளே என்னவோ ஒரு குதியாட்டம்.

வாசலில் வேன் சத்தம் கேட்டது.

நாகையா முன்னால் வந்தார், ஒல்லியாக, நெற்றி நிறையத் திருநீறோடு. பின்னால் ரோஜா, மஞ்சள் சேலையில், வெயிலில் சிவந்த முகம். அவளுக்கும் பின்னால் சண்முகத்தாய். ஆள் உயரமில்லை, ஆனால் அவள் வாசலைத் தாண்டியபோது அன்பரசன் தன்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போனான்.

"வாங்க மாமா, வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் பாயை விரித்தான். முத்துச்செல்வி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மூவரும் குடித்தார்கள். முனியராஜ் சுவரோரம் நின்று தன் கால் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தான். ரோஜா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் காதோரம் காய்ந்துபோன சோப்பு நுரை ஒட்டியிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"பலகாரம் எடுத்தாரேன் அத்தை" என்றாள் முத்துச்செல்வி.

"வேண்டாம்த்தா. தண்ணி போதும்" என்று சண்முகத்தாய் எழுந்தாள். "வீட்ட ஒரு பார்வை பாத்துக்கிடுதேன்."

எழுந்தவள் வேறெங்கும் போகவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். முத்துச்செல்வி பின்னாலேயே ஓடினாள். டப்பாக்களைப் பார்த்தாள் அந்த அம்மாள், சுத்தம். பாத்திரங்களைப் பார்த்தாள், சுத்தம். அப்புறம் கையை நீட்டி அடுப்பின் மேலே வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை.

"என்னத்தா இது? அடுப்பு சில்லுன்னு கெடக்கு?" அவள் குரல் கூடத்துக்கும் கேட்டது. "ஆடி வெள்ளியும் அதுவுமா, உச்சிப்பொழுதுல உலை வைக்காத வீடா? இந்த வீட்டுலயா எங்க பிள்ள வந்து பொங்கித் திங்கணும்?"

கோயில் விரதம் என்று ஒரு பொய் முத்துச்செல்வியின் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பொய்தான், எடுபட்டிருக்கும். ஆனால் நாளைக்கு இந்த வீட்டுக்கு வரப்போகிறவளிடம் முதல் நாளே பொய்யா என்று தோன்றியது. போனால் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை. லைட்டர் கெட்டுப்போச்சு. வத்திப்பெட்டி காலி. நான் பட்டாசுக் கம்பெனி, எங்க கொழுந்தன் லோடு, இவுக பேப்பர் குடோன். மூணு பேரு மடியிலயும் ஒத்தக் குச்சி கெடையாது. தெருவே கோயிலுக்குப் போயிருச்சு. யாரு வீட்டுல போயி நெருப்புக் கேப்பேன்? நீங்க சாயந்தரம் வந்திருந்தா மூணு பலகாரம் சுட்டு வச்சிருப்பேன். இப்ப அடுப்பே பத்தல. இதான் நெசம்."

கூடத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது. ரோஜாதான். அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை.

"அத்தை, எங்க பைண்டிங் செக்‌ஷன்லயும் இதே கூத்துதான்! போன வாரம் நம்ம வீட்டுல வெளக்குப் பொருத்த நான் தெருத்தெருவா அலையலையா? நீங்கதான ஏசுனீக?"

"நீ சும்மா இரு" என்று அதட்டிவிட்டுச் சண்முகத்தாய் மேடைப் பக்கம் திரும்பினாள். அங்கே தட்டு நிறைய உருண்டைகள் இருந்தன. அவள் கண் சுருங்கியது. "அடுப்பே பத்தலங்குத. அப்ப இது எங்கன இருந்து வந்துச்சு? கடையில வாங்குனியா?"

"கடையும் பூட்டிக் கெடக்கு அத்தை. நான்தான் புடிச்சேன்."

"நெய் மணக்குது. நெய்ய எதுல உருக்குன?"

"மாடியில வெயில்ல வச்சு."

"வெயில்லயா? நான் அடுப்படியிலயே நரைச்சவ. எங்கிட்டயேவா கதை விடுத?"

சண்முகத்தாய் ஒரு உருண்டையை எடுத்தாள். மோந்து பார்த்தாள். இரண்டாக உடைத்து உள்ளே பார்த்தாள். நெய் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பிடித்திருந்தது. நம்ப முடியாத முகத்தோடு ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல ஆரம்பித்தாள். மெல்ல மெல்ல அவள் புருவம் மேலே ஏறியது. ஏலக்காய் எங்கோ தட்டுப்பட்டிருக்க வேண்டும், கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

"அக்கா!" என்று சமையலறை வாசற்படியிலிருந்து நாகையாவின் குரல் வந்தது. கூடத்திலிருந்த மற்றவர்களும் அவர் பின்னாலேயே வந்து நின்றார்கள். "என்னக்கா, வாயில என்ன?"

சண்முகத்தாயின் தாடை அப்படியே நின்றது. கண் மட்டும் அகல விரிந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. ஊரெல்லாம் போய், எத்தனையோ வீட்டில் தண்ணீரோடு எழுந்து வந்து பேர் வாங்கிய மனுஷி, ஒரு அரை உருண்டையை வாயில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

"நெசமாவே அடுப்பில்லாமச் செஞ்சதான்னு சோதிச்சுப் பாத்தேன்டா" என்றாள் கடைசியில், வாய் கொள்ளாமல்.

"சோதனைன்னாலும் தொண்டைக்குள்ள போயிருச்சேக்கா!"

அன்பரசன் முத்துச்செல்வியைப் பார்த்தான், முத்துச்செல்வி முனியராஜைப் பார்த்தாள், முனியராஜ் எப்போதோ மூச்சை நிறுத்தியிருந்தான். சண்முகத்தாய் வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கினாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். மகளாக வளர்த்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி ரோஜா, உனக்கு எப்படி?"

ரோஜா தலை குனியவில்லை. "எனக்கு அப்பவே பசிச்சிருச்சு அத்தை" என்றாள்.

சண்முகத்தாய் உருண்டையின் மறு பாதியை எடுத்தாள். "முதப் பாதி சோதனைக்கு" என்றாள். "இது சம்மதத்துக்கு." வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் அந்த வீட்டில் கேட்ட சத்தத்துக்குப் பட்டாசே தேவையில்லை. நாகையாவும் அன்பரசனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முனியராஜ் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டான், குனிந்து எடுக்கப் போய் இன்னொன்றையும் தட்டிவிட்டான். முத்துச்செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாகப் பறந்தாள். கருப்பட்டி அவலை நாகையா கிண்ணத்தோடு வாயில் கவிழ்த்துக்கொண்டார். அது தீர்ந்ததும் தயிர் அவலைப் பரிமாறினாள்.

நாகையா ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார். மகளைப் பார்த்தார். ரோஜா ஒரு வாய் தின்றாள், உடனே முத்துச்செல்வியிடம் தட்டை நீட்டினாள்.

"அக்கா, காராச்சேவு இன்னும் கொஞ்சம் போடுங்க. இதுக்கு அதுதான் எடுப்பா இருக்கு. அப்பாவுக்கும் போடுங்க."

போட்டாள். "எனக்கும் ஒரு கை போடுத்தா" என்றாள் சண்முகத்தாய். அவளுக்கும் போட்டாள். முனியராஜே பொட்டலத்தை வாங்கி ரோஜாவின் தட்டில் கொட்டப் போய்ப் பாதியைப் பாயில் சிந்தினான். ரோஜா அதையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். பெரிய பொட்டலம் மொத்தமும் காலியாயிற்று. நம் தயிர் அவல் இப்படி எடுபடும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஊறப்போட்டிருப்பேனே என்று முத்துச்செல்விக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தட்டுகள் வழித்துத் துடைத்த மாதிரி ஆயின. தீபாவளி சீசன் முடியட்டும், தை பிறந்ததும் கல்யாணம் என்று பெரியவர்கள் வெற்றிலையைக் கையில் எடுத்தார்கள்.

"ஏத்தா முத்துச்செல்வி, நீ ஒரு வாய் தின்னியா?" என்று சண்முகத்தாய்தான் கேட்டாள். அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது, முத்துச்செல்விக்கே தோன்றவில்லை.

"அக்கா, நீங்க உக்காருங்க" என்று ரோஜா எழுந்து, உரிமையாகச் சமையலறைக்குள் போய், சட்டியில் மிச்சமிருந்த தயிர் அவலை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

சமைக்கும்போது ருசி பார்க்கிற பழக்கம் முத்துச்செல்விக்குக் கிடையாது. வெடிமருந்து புழங்குகிற கை வாய்க்குப் போகக்கூடாது என்பது கம்பெனியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது. குளித்து முழுகி வந்தாலும் வேலை நடக்கும்போது அவள் விரல் நாக்குக்குப் போகாது. எல்லாம் கண் அளவு, மூக்கு அளவுதான். அதனால் அந்தத் தயிர் அவலை அவள் வாயில் வைப்பது அப்போதுதான்.

ஒரு வாய் வைத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

துளி உப்பு இல்லை. அவசரத்தில் உப்புப் போடவே மறந்திருக்கிறாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊரெல்லாம் சொல்லும். அந்தப் பண்டத்தை வந்தவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்திருக்கிறார்கள். பொட்டலம் முழுக்கக் காராச்சேவு எப்படிக் காலியாயிற்று என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. நாகையா உத்தரத்தைப் பார்த்தார். சண்முகத்தாய் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதிலேயே மும்முரமாக இருந்தாள்.

முத்துச்செல்வி நிமிர்ந்து ரோஜாவைப் பார்த்தாள். ரோஜா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், காதோடு சொன்னாள்.

"யாருட்டயும் சொல்லாதீகக்கா. தைக்குப் பெறகு உப்பு நான் பாத்துப் போடுதேன்."

முத்துச்செல்வி தலையை ஆட்டினாள். கிண்ணத்தில் இருந்த உப்பில்லாத அவலைக் கடைசி வாய்வரை தின்றாள்.